அறுபத்துமூன்றாம் எண் பட்டு

வால்ஃபோஸ்கா,
4 அக்டோபர் 1971

அன்புள்ள நிவெஸுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? உன்னை மாடிப்படி ஏறவிடாதே என்று ஒலிந்தோவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். மீன் சந்தையில் கத்திக் கத்தி உன் வீட்டுக்காரனுக்குக் காது போய்விட்டது போலிருக்கிறது. கஷ்கொட்டை உதிர ஆரம்பித்துவிட்டது, காயவைத்து அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். 21ஆம் தேதி நகரத்திலிருந்து அதிகாரி வருகிறாராம். நம் மியூசியத்தின் மூன்று அறைகளிலும் உள்ள ஒவ்வொரு பொருளையும் பட்டியலோடு ஒத்துப் பார்ப்பாராம். பாதிரியார் கலிஸ்தோ நேற்று வந்து, "எர்சிலியா, ஒண்ணு குறைஞ்சாலும் கதவைச் சாத்திட்டு மாதாவைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. சாவி உன் கையிலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க" என்றார்.

அறுபத்துமூன்றாம் எண்: மாதா சிலையின் இடுப்பில் கட்டியிருந்த பட்டுக் கச்சை. அது உன் இடுப்பில் இருக்கிறது.

பெட்டிக்குள் என் கல்யாண ரிப்பனைக் காபித் தண்ணீரில் மங்கடித்து வைத்திருக்கிறேன். ஆறு மாதமாக யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அதிகாரியிடம் போட்டோ இருக்கிறதாம். பட்டில் ஏழு வெள்ளி நட்சத்திரம், என் ரிப்பனில் ஒன்றுகூட இல்லை.

இரண்டே நாளைக்குத் தா. அவர் போனதும் நானே கொண்டுவந்து மறுபடி கட்டிவிடுகிறேன்.

உன் அண்ணி,
எர்சிலியா

ஜெனோவா,
8 அக்டோபர்

அண்ணிக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒலிந்தோ பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார்.

இரண்டு நாள் என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டீர்கள்! முதல் குழந்தை வயிற்றிலேயே கலைந்து போக ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. இரண்டாவதற்கு அதுகூட ஆகவில்லை. ஈஸ்டர் அன்று திருப்பலி முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், "வா, யாருக்கும் தெரியாம கட்டிவிடுறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனது நீங்கள்தான். நான் கேட்கவில்லை. கட்டியவள் கைதான் அவிழ்க்க வேண்டும், அதுவும் குழந்தை பிறந்த பிறகுதான் என்று சொன்னதும் நீங்கள்தான். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வயிற்றில் பிள்ளை தங்கவேண்டும் என்று அந்தப் பட்டைக் கோயிலிலிருந்து வாங்கிப்போய்க் கட்டிக்கொண்டவர்கள். அப்போது அதற்கு எண் கிடையாது, கண்ணாடிப் பெட்டியும் கிடையாது.

எங்கள் அண்ணன் போன பிறகு அந்தச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிறீர்கள், சொர்க்க வாசல் சாவியைப் புனித பேதுருவே நேரில் வந்து கொடுத்த மாதிரி. திரிந்துகொள்ளுங்கள். என் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

நிவெஸ்

வால்ஃபோஸ்கா,
13 அக்டோபர்

அன்புள்ள நிவெஸ்,

சாவியைப் பற்றி எழுதியிருந்தாயே, உண்மைதான். உன் அண்ணன் புரூனோ போன பிறகு காலையில் எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கதவைத் திறந்து, மாதாவின் முகத்தைத் துடைத்து, கயிறு திரிக்கும் ராட்டைக்கு எண்ணெய் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை "தொடாதே தொடாதே" என்று விரட்டிவிட்டு வந்தால் ஒரு நாள் ஓடிவிடும். அது இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

உனக்குக் கட்டியது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் என்னால் தூங்க முடியவில்லை. மியூசியத்தை மூடிவிட்டால் ஊர் என்னைத்தான் காறித் துப்பும். எப்பாடு பட்டாவது நட்சத்திரம் தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கோழி கிளறின மாதிரி வருகிறது.

எட்டு மாதம் ஆகிவிட்டது, இனிமேல் ஒன்றும் ஆகாது என்று மருத்துவச்சி லூச்சியா சொல்கிறாள். செவ்வாய்க்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். நானே அவிழ்த்து, வெள்ளிக்கிழமை நானே கட்டிவிடுகிறேன். என்னை மன்னித்துவிடு.

எர்சிலியா

ஜெனோவா,
16 அக்டோபர்

அண்ணிக்கு,

வாருங்கள். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைக்கிறேன். உங்களோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பேன். அவிழ்த்துக்கொண்டு பேசாமல் போய்விடுங்கள். அதற்குப் பிறகு எனக்கு எழுத வேண்டாம், கஷ்கொட்டையும் வேண்டாம்.

நிவெஸ்

வால்ஃபோஸ்கா,
22 அக்டோபர்

அன்புள்ள நிவெஸ்,

எழுத வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் போடு.

செவ்வாய்க்கிழமை நான் வந்தேன். மூன்றாம் மாடிவரை ஏறினேன். நீ சொன்னபடியே கதவு திறந்திருந்தது. உள்ளே நீ ஒலிந்தோவிடம், "அண்ணி பசியோட வருவாங்க, அந்த சூப்பை அடுப்பிலயே வைங்க" என்றாய். அழுதுகொண்டேதான் சொன்னாய். என் கால் அதற்கு மேல் நகரவில்லை. அப்படியே இறங்கி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

நேற்று அதிகாரி வந்தார். தடித்த கண்ணாடி, ஜலதோஷம். அறுபத்திரண்டு பொருளையும் பார்த்துவிட்டு அந்தப் பெட்டி முன்னால் வந்து நின்றார். நான் ரிப்பனை முதல் நாளே எடுத்துவிட்டேன். வெறும் பெட்டிதான் இருந்தது. கலிஸ்தோவுக்கு முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"எங்கேம்மா இது?"

"வேலைக்குப் போயிருக்குங்க ஐயா."

"என்ன வேலைக்கு?"

"பிள்ளையைக் காக்கிற வேலைக்கு. நவம்பர்ல வந்துடும்."

அவர் மூக்கைச் சிந்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, "எங்க ஊர்ல பிள்ளைத்தாய்ச்சிங்க கட்டிக்க அந்தோனியார் கயிறு ஒண்ணு இருந்துது" என்றார். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேராக ஏதோ எழுதினார். அவர் கைக்குட்டையைத் தேடியபோது எட்டிப் பார்த்தேன். 'உபயோகத்தில் உள்ளது' என்று எழுதியிருந்தார்.

மியூசியத்தை மூடவில்லை. ஆனால் கலிஸ்தோ சாவியை வாங்கிக்கொண்டார். இனிமேல் பள்ளிக்கூட வாத்தியார் திறப்பாராம். "இத்தனை நாள் எல்லாரையும் ஏமாத்திட்டியே, எர்சிலியா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. கழுத்து லேசாகிவிட்டது, எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. இன்று காலை வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன்.

நீ அதையெல்லாம் போட்டு மனசைக் குழப்பிக்கொள்ளாதே. யார் கையும் முடிச்சில் படக் கூடாது. பயமாக இருக்கிறது, தினமும் பயமாக இருக்கிறது. நல்ல சேதி சொல்லி ஒரு வரி போட்டால் போதும்.

எர்சிலியா

ஜெனோவா,
15 நவம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

பெண் குழந்தை. சனிக்கிழமை காலை பிறந்தாள். மூன்றரைக் கிலோ. ஒலிந்தோவின் மூக்கு, என்ன செய்வது.

ஆஸ்பத்திரியில் பட்டை அறுக்கக் கத்தரிக்கோலோடு ஒருத்தி வந்தாள். கையைத் தட்டிவிட்டேன். "இதை அவிழ்க்க வேண்டியவங்க ஊர்ல இருக்காங்க" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள். மார்புவரை ஏற்றிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஏழு நட்சத்திரமும் பத்திரமாக இருக்கிறது. குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை, நாற்றம் தாங்கவில்லை. உங்கள் வாத்தியார் பெட்டிக்குள் வைக்கும்முன் துவைக்கத்தான் வேண்டும்.

கதவை இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. இந்தத் தடவை மூன்றாம் மாடியில் நின்றுவிடாதீர்கள். வந்து அவிழ்த்துவிட்டு, இவளைக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஆறு மணிக்கெல்லாம் எழுந்து கத்துகிறாள்.

உங்கள்
நிவெஸ்