வழி கேட்டவன் போகாத மலை

இதனால் மரக்காணம் பேருந்து நிலையம் தொடங்கி மேலுலகம் வரை வசிக்கும் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இன்று காலை திண்டிவனம் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில், உன் கூலிங் கிளாஸின் இடது கால் காலமானது. பேன்ட் பின்பையில் துயின்றுகொண்டிருந்த அன்னார்மேல் நான் உட்கார்ந்ததே காரணம். வலது கால் நலமாக இருக்கிறது. மலர்வளையங்கள் ஏற்கப்படமாட்டா.

உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கு இல்லை. பாண்டிச்சேரி பீச் பிளாட்பாரத்தில் நீ பேரம் பேசி வாங்கிய அந்தக் கண்ணாடியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை மாமா. இப்போது உன்னையும் பிடிக்கவில்லை. செத்துப்போனவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். உன் காரியத்தன்று பந்தலில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். "தங்கமான புள்ள" என்றார் ஒருவர். "அவன மாதிரி ஒருத்தன் கெடைப்பானா" என்றார் இன்னொருவர். கிடைத்தபோது பெண் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்பிய இரண்டு குடும்பங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாயாசம் குடித்தன. தங்கம் என்று அப்போதே தெரிந்திருந்தால் அடகுக்காவது எடுத்திருப்பார்கள். இத்தனை புகழ்ச்சிக்கு நடுவே ஒருவனாவது உன்னை மனசாரத் திட்ட வேண்டாமா? அக்கா பையன் நான் எதற்கு இருக்கிறேன்?

முதலில் என் சாதனையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உனக்கு ஒரு வரி ஒழுங்காக எழுத வராது. டேட்டிங் ஆப்பில் உன் பக்கத்தை உருவாக்கிய சிற்பி நான். உன் போன் உப்புத்தண்ணீரில் விழுந்து பாதித் திரை செத்துப்போயிருந்ததால், உன் நம்பரைப் போட்டு என் போனில்தான் அதைத் திறந்தோம். அன்று மதியம்தான் மேல்மருவத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தோம். கேசரி நன்றாக இருந்தது. பெண்ணின் பெரியப்பாதான் சரியில்லை.

"பையன் உப்பளத்துலங்களா? வெயில் காலம் சரி. மழை பெஞ்சா இன்னா பண்ணுவாரு?"

அம்மா, "கம்பெனி வேலைக்குப் பாத்துனு இருக்கான்" என்று கூசாமல் புளுகினாள். நீ கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும் வழியில் பைக்கை ஓரங்கட்டி, "மாப்ள, உங்க காலேஜ் பசங்கள்லாம் ஒரு ஆப்புல பொண்ணு தேடுறாங்களே, அதுல எனக்கும் ஒன்னு போட்டுக் குடு" என்றாய். இருபத்தொன்பது வயது மனிதன், பத்தொன்பது வயதுப் பொடியனிடம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடக்கவும் இல்லை.

அந்த ஆப்பில் கேள்விகள் இருக்கும், பதில் எழுத வேண்டும். "இங்கே எது நல்லா இருக்கும்னு சொல்லுங்க" என்று நம் ஊர்ப்பக்கத்து இடங்களைக் கேட்கும் பகுதிதான் என் கோட்டை. கல்லூரியில் பாதிப் பேருக்கு அதை நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். என் தத்துவம் எளிமையானது. தன்னைப் பற்றிப் பீற்றிக்கொள்பவனை எந்தப் பெண்ணும் சீண்டமாட்டாள். ஆனால் வழி கேட்டுப் பார், நம் ஊரில் அடுப்பில் பால் பொங்கினாலும் விட்டுவிட்டு வந்து சொல்வார்கள். ஆகவே பெண்ணைப் புகழாதே, பெண்ணிடம் வழி கேள்.

நீ பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்ன எழுதலாம் மாப்ள?" என்பாய். நான் அள்ளி விடுவேன். 'நாள் முழுக்க உப்பில் நிற்பவன். உப்பு குறைவாகப் போடும் சாம்பார் எங்கே கிடைக்கும்?' 'பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பேசாதவனையும் மனிதனாக மதித்துக் காபி தரும் கடை எது?' 'கடல் கண்ணிலேயே படாத இடம் ஒன்று சொல்லுங்கள். கடலிடம் எனக்கு ஒருநாள் லீவு வேண்டும்.' மூன்றையும் பேருந்து ஹாரன் இரண்டு முறை அடிக்கும் நேரத்தில் எழுதினேன். நீ ஒவ்வொன்றையும் உதடசைத்துப் படித்துவிட்டு, "எனக்கு சாம்பார்ல உப்பு தூக்கலா இருந்தாதான்டா புடிக்கும்" என்றாய். இப்படிப்பட்டவனுக்குத்தான் நான் எழுதினேன்.

பிறகு போனை வாங்கி, ஒற்றை விரலால் நீயே ஒன்றைத் தட்டினாய். அதற்குள் நான் டீ குடித்து, டம்ளரைக் கழுவியும் வைத்துவிட்டேன். நீ எழுதியது இது: 'மழை பெய்தால் எனக்கு வேலை இருக்காது. அப்போது எங்கே போகலாம்?'

"மாமா, இது ப்ரொஃபைலா, வெள்ள நிவாரண மனுவா?"

"இருக்கட்டும்டா."

"இதப் பாத்தா எவளும் வரமாட்டா. தாசில்தார்தான் வருவாரு."

"உண்மைதான மாப்ள?"

"உண்மைய இப்ப யாரு கேட்டா?"

நீ அழிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. பிடிவாதக்காரன்.

உன்னை மன்னிக்க முடியாத இன்னொரு காரணம், நீ நிஜமாகவே போனது. ஒருத்தி ஒரு பேக்கரி பெயரை அனுப்பினாள். இதற்கு நீ என்ன பதில் போட வேண்டும்? 'தனியாகச் சாப்பிட்டால் கேக் இறங்காதே' என்று ஏதாவது நூல் விட வேண்டும். நீயோ மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரி போய், பன் வாங்கித் தின்று, எனக்கும் இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு வந்து, "பன்னு நல்லா இருக்குது, உக்காரத்தான் எடம் இல்ல" என்று அவளுக்கே எழுதினாய். அத்தோடு அவள் ஓடிவிட்டாள். கீழ்புத்துப்பட்டில் ஒரு டீக்கடை என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்கும் போனாய். அந்தக் கடை மூடிக் கிடந்தது என்று அவளுக்குப் போட்டோவோடு தகவல் தெரிவித்தாய், என்னவோ அவள் கடை முதலாளி மாதிரி.

தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். "மாமா, அது தூண்டில். யாராவது தூண்டில்ல இருக்கிற புழுவ எடுத்துத் தானே தின்னுவானா?"

நீ சிரித்தாய். "கேட்டா போவணும்டா. போறதா இல்லன்னா எதுக்கு அவங்கள வேல வெக்கிற?"

பிறகு நித்யா வந்தாள். திண்டிவனத்து ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், பெருமுக்கல்காரி. அவள் முதலில் அனுப்பியது இரண்டே சொல்: 'பெருமுக்கல் மலை.' எந்தக் கேள்விக்குப் பதில் என்று சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கடல் கண்ணில் படாத இடம் கேட்டோம், மலையைச் சொன்னாள். "பாத்தியா மாமா, என் வரிக்கு விழுந்த விக்கெட்டு" என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நீ வழக்கம்போல மறுநாளே கிளம்பப் பார்த்தாய். 'இப்போது வேண்டாம், மழை வரட்டும்' என்று அவளே தடுத்தாள். பாறை சுடும் என்ற அக்கறைபோல என்று நான் விளக்கவுரை சொன்னேன். நீ வானத்தைப் பார்த்தாய். அன்றிலிருந்து தினமும் வேலை விட்டு வந்ததும் என் போனைப் பிடுங்கிக்கொள்வாய். ஒற்றை விரல். முழங்காலில் காய்ந்த உப்பு. என்ன எழுதலாம் என்று அதற்குப்பின் நீ என்னைக் கேட்கவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது.

அப்புறம்தான் கண்ணாடி. உப்பளத்து வெயிலில் கண் கூசுகிறது என்று மாட்டிக்கொண்டாய், சரி. மாட்டிய கையோடு போட்டோ எடுத்து நித்யாவுக்கும் அனுப்பினாய். வீட்டுக்குள்ளும் கழற்றாமல் திரிந்தாய். சோறு தின்னும்போதும் கண்ணாடி. அம்மா கேட்டதற்கு "ஸ்டைல்க்கா" என்றாய். நான் சும்மா இருப்பேனா? 'ரஸத்தில் சூரியன் உதித்திருக்கிறதா மாமா' என்றேன். 'கண்ணைக் காட்டினால் நித்யா மயங்கிவிடுவாள் என்று மறைத்து வைத்திருக்கிறார்' என்றேன். வீடே சிரித்தது. நீயும் சிரித்தாய். உன் கண் இரண்டும் மஞ்சள் கரைத்து ஊற்றியதுபோல இருந்ததை, ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அதைக் கழற்றி என் கையில் கொடுத்தபோதுதான் பார்த்தோம்.

"மழைக்கு முன்னாடி உப்பு அம்பாரத்துக்கெல்லாம் கீத்து போட்டு மூடணும்டா. அது முடிஞ்சதும் வந்து காட்டிக்கலாம்னு இருந்தேன்" என்றாய். குவித்து வைத்த உப்பு கரையக்கூடாது. நீ கரையலாம். இதைவிட முட்டாள்தனமான கணக்கை நான் கேட்டதே இல்லை. உன் ஈரலுக்கு யார் கீற்று போடுவது? உன் காமாலைக்கு யாரிடம் வழி கேட்டாய்? முன்பின் தெரியாத பெண்களிடமெல்லாம் பன் எங்கே கிடைக்கும் என்று கேட்டவன், எங்களிடம் ஒரு வார்த்தை, "கண்ணு மஞ்சளா இருக்குது, எங்க போலாம்" என்று கேட்டிருந்தால் குடி முழுகியிருக்குமா? சொல்லு. சொல்ல மாட்டாய். அந்த வசதி உனக்கு இப்போது வந்துவிட்டது.

நீ போன மூன்றாவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. உப்புப் பாத்தியெல்லாம் தண்ணீர். நீ மூடிய அம்பாரங்கள் சௌக்கியமாக இருந்தன. என் போன் நடுங்கியது. 'மழை வந்துடுச்சு. எப்ப வர்றீங்க?'

அவளுக்குத் தெரியாது மாமா. அவளிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளிடம் சொல்ல வழி தெரிந்த ஒரே ஆள் நான். பேருந்து ஹாரன் அடிப்பதற்குள் மூன்று வரி எழுதுகிற நான் போனை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் முழித்தேன். 'மாமா நிரந்தர லீவில் இருக்கிறார்' என்று எழுதி அழித்தேன். எழுதியதெல்லாம் ஜோக்காகவே வந்தது. நடுவில் அவள், 'புடிக்கலன்னா சொல்லிடுங்க, பரவால்ல' என்று அனுப்பினாள். பிறகு ஒரு கேள்விக்குறி மட்டும். அவள் பார்வையில் நீ ஓடிப்போனவன் ஆகிக்கொண்டிருந்தாய். பெண் கொடுக்காதவர்களிடம் தங்கம் என்று பெயர் வாங்கியவன், கொடுக்க இருந்த ஒருத்தியிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருந்தாய். கேட்டா போவணும். நீதான் போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை வருவதாக உன் பக்கத்திலிருந்து எழுதிவிட்டு, உன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் போனேன்.

மலைமேல் கோயிலுக்கு வந்த கூட்டம் கொஞ்சம் இருந்தது. பாறை மழையில் வழுக்கியது. ஜவுளிக்கடைக் கவர் ஒன்றைத் தலைக்குப் பிடித்தபடி நின்றிருந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை கண்ணாடியில் நின்றது.

"நீ யாரு? அது அவரு கண்ணாடியாச்சே. அவரு எங்க?"

பேருந்தில் நான்கு விதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும், "மாமா செத்துட்டாரு" என்று மட்டும் வந்தது.

"வெளையாடாத."

"காமால. மழைக்கு முன்னாடியே. நான் அவரு அக்கா பையன்."

அவள் ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சொல்றதுக்கு இத்தினி நாளா? நான் அந்த மனுசன எப்படித் திட்டினு இருந்தேன் தெரியுமாடா?" என்று என்மேல் பாய்ந்தாள்.

"திட்டுங்கக்கா. நானும் அதான் பண்ணினு இருக்கேன்."

அவள் அழுதாள். உனக்காக நம் வீட்டுக்கு வெளியே ஒருத்தி அழுததை நான் பார்த்துவிட்டேன், நீ பார்க்கவில்லை. நன்றாக வேண்டும் உனக்கு. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிழக்கே கை காட்டினாள். மழை விட்டிருந்தது. தூரத்தில் நம் உப்பளம் முழுக்க ஒரே வெள்ளித் தகடாகக் கிடந்தது. வேலை நின்றுபோன பாத்தி இவ்வளவு அழகாக இருக்கும் என்று நம் ஊரில் ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை. அதற்கு அப்பால் ஒரு கோடு.

"அது இன்னாக்கா?"

"கடலுடா."

எனக்கு எங்கோ உதைத்தது. "கடல் தெரியாத எடம்னு கேட்டதுக்குத்தான இந்த மலைய சொன்னீங்க?"

"அந்த மொக்க ஜோக்கெல்லாம் நீ எழுதினதா? நெனச்சேன். அதையும் அந்த சாம்பாரையும் தாண்டி வர்றதுக்குள்ள மூடிட்டுப் போயிருப்பேன். கீழ அந்த மழை வரி இருந்துது. எங்க வீட்ல வந்து பேசுனா எங்கப்பா மொதல்ல அதத்தான் கேட்டிருப்பாரு, மழை பெஞ்சா இன்னா பண்ணுவன்னு. இந்த மனுசன் அவரே முன்னாடி வந்து கேக்குறாரேன்னுதான்..."

மேல்மருவத்தூர் கேசரித் தட்டு என் கண்முன் வந்து நின்றது.

ஆக, மேலே சாதனை, சிற்பி, கோட்டை என்று எழுதியதையெல்லாம் நீ கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். என் வரிகளுக்கு வந்தவை ஒரு பன்னும், மூடிய டீக்கடையும்தான். வருத்தமில்லை என்று எழுதியதும் பொய். கால் உடைந்த சத்தம் கேட்டதும் பேருந்தில் எல்லோர் முன்னாலும் எனக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த எனக்கு, என் சொந்தப் பக்கத்தில் அந்தக் கேள்வி இடம் இதுவரை காலியாகத்தான் இருந்தது. இன்று மதியம் நிரப்பினேன், ஒற்றை விரலால். 'கால் உடைந்த பழைய கூலிங் கிளாஸை இந்தப் பக்கம் யார் சரி செய்து தருவார்கள்?' சாயங்காலமே ஒரு பதில் வந்துவிட்டது: 'தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்க வேண்டியதுதானே?'

முடியாது என்று எழுதினேன். ஏன் என்று கேட்டிருக்கிறாள்.

என்ன எழுதலாம், மாமா?