செவலைக் கன்றின் முன்னங்கால்

5-8-64, புதன். வெயில். மாலையில் தூறல்.
கைத்தடியால் அடித்து நான் கன்றின் காலை முறித்தேனாம். பால்காரி வரை இதே பேச்சு. பொய். தடி என் கையில் இருந்தது. கன்றின் மேல் படவில்லை. பக்கத்து வீட்டுக் கோவிந்தசாமியின் செவலைக் கிடாரி என் குரோட்டன்ஸ் செடிகளை மேய்ந்தது. அதட்டினேன், ஓடியது. வேலி தாண்டக் கூடாதென்று கழுத்தையும் முன்னங்காலையும் ஒரே கயிற்றில் கட்டி மேய விட்டிருக்கிறான். இங்கே எல்லாருக்கும் இதே பழக்கம். அப்படிக் கட்டிய கன்று வாய்க்காலை எப்படித் தாண்டும்? விழுந்தது. முழங்காலுக்குக் கீழே முறிவு.

6-8, வியாழன்.
சிதம்பரத்திலிருந்து மாட்டு டாக்டரை வரவழைத்தேன். சைக்கிளில் வந்தார். தோல் கிழியவில்லை, இளங்கன்று, கூடிவிடும் என்றார். பஞ்சு, மூங்கில் பட்டை, மாவுக்கட்டு. முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் அசையாதபடி. கடலூர் கான்வென்டில் முதலுதவி வகுப்பில் சொன்னதும் இதுவே. ஒரு மாதம் அவிழ்க்கக் கூடாதென்று கோவிந்தசாமியிடம் இரண்டு தரம் சொன்னார். தலையாட்டினான்.
வாங்க: சோப்பு, நீல மசி, தவிடு (கன்றுக்கு).

13-8, வியாழன். புழுக்கம்.
கோவிந்தசாமி கட்டை அறுத்து எறிந்துவிட்டான்! வேப்பெண்ணெய் போட்டு நீவுகிறான். கன்று கதறுகிறது.
"எட்டு நாளா காத்து படாம கெடந்தா அழுகிப் போயிடும்மா. நீவுனாத்தான் எலும்பு கூடும்."
டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன்.
"அவுரு வாயால ஆயிரம் சொல்லுவாரு. எழுதிக் குடுக்கட்டும், நான் தொடல. இல்லாட்டி ஞாயித்துக்கெழம பண்ருட்டி ஆளு வரான், புடிச்சிக் குடுத்துடுறேன். ஒடச்சவங்க சும்மா இருக்கட்டும்."
பண்ருட்டி ஆள் வாங்குவது கறிக்கு. உடைத்தவர் என்றால் நான். அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.
ஆள் அனுப்பினேன். மதியம் டாக்டர் வந்து மறுபடி கட்டினார். எழுதித் தரக் கேட்டேன். அக்கம்பக்கத்துச் சண்டையில் தன்னை இழுக்க வேண்டாமாம். போய்விட்டார்.

14-8, வெள்ளி.
குளம்பைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இருக்கிறது. ரத்தம் ஓடுகிறது. தவிடு தின்றது.
டாக்டருக்குக் கடிதம். நாளை சுதந்திர தினம், ஆஸ்பத்திரி மூடியிருக்கும். ஆகவே இன்றே, ஆள் மூலம். முறிந்தது தடியாலா, கயிற்றாலா என்பது முதல் கேள்வி. கோடு போட்டு நீக்கிவிட்டேன். என் வார்த்தைக்கு அவர் சாட்சி தேவையில்லை. மிச்சம் இவ்வளவே:
ஐயா, கன்றின் கட்டை எந்தத் தேதி வரை அவிழ்க்கக் கூடாது என்று கையெழுத்திட்டு, இந்த ஆளிடமே எழுத்தில் பதில் கொடுத்தனுப்பவும்.