லைட் எரிந்ததால் தேறிய சோலார் இன்வெர்ட்டர்

அனுப்புநர்:
அ. பிரிசில்லா, எம்.எஸ்சி. (இயற்பியல்),
செயலாளர், செங்காந்தள் மகளிர் எம்பிராய்டரி குழு,
உடுமலைப்பேட்டை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பூர்.

பொருள்: சோலார் இன்வெர்ட்டரின் சீரற்ற மின்சாரத்தால் நேர்ந்த விபத்து – தவறான ஆய்வு அறிக்கையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மானியத் திட்டத்தில் எங்கள் கூடத்துக்குப் பொருத்தப்பட்ட இன்வெர்ட்டர், மின்சாரத்தைச் சீரான அலையாகத் தராமல் வெட்டி வெட்டித் தருகிறது. டியூப் லைட்டுக்கும் மின்விசிறிக்கும் அது போதும். கணினியால் இயங்கும் எம்பிராய்டரி இயந்திரத்துக்குப் போதாது. பொருத்த வந்தவர்களிடம் அன்றே சொன்னேன். பொட்டு வைத்துப் பூசை போட்டாகிவிட்டது, இனி கழற்றக் கூடாது என்றார்கள்.

2. சென்ற மாதம் மின்தடை வந்து, இன்வெர்ட்டருக்கு மாறியதும் இயந்திரம் பாதியில் நின்றது. அறுந்த நூலைக் கோக்க எங்கள் உறுப்பினர் நாகஜோதி கையை வைத்தபோது, அது தானாக ஓடியது. ஊசி அவர் ஆட்காட்டி விரல் நகத்தைத் துளைத்து மறுபுறம் வந்தது. "அக்கா, நான் பட்டனத் தொடவே இல்லக்கா" என்றுதான் முதலில் சொன்னார். வலிக்கிறது என்று பிறகுதான் சொன்னார்.

3. ஆய்வுக்கு வந்த உதவிப் பொறியாளர் சுவிட்சைப் போட்டுப் பார்த்து, "லைட்டு எரியுதுங்களே, அப்புறம் என்னங்க?" என்றார். இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கவில்லை. எர்த் கம்பியைக் காட்ட அழைத்தேன். திறப்பு விழாவுக்கு வாழைமரம் நட்ட குழியிலேயே அதைச் செருகியிருந்தார்கள். மரத்தைப் பிடுங்கியபோது கம்பியும் வந்துவிட்டது. இன்றும் சுவரில் தொங்குகிறது. அவர் காபி குடித்துவிட்டுப் போய், 'இயக்குபவரின் கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதினார்.

4. பொருத்திய நிறுவனம் ஒரு ஸ்டெபிலைசர் அனுப்பியது. அது மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும். அலையின் கோளாறைச் சரிசெய்யாது. சாயக்கழிவை அளந்து ஊற்றினால் குடிநீராகிவிடாது.

5. அந்த அறிக்கையைப் பார்த்து, நாகஜோதியை இயந்திரத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று எங்களுக்கு ஆர்டர் தரும் கம்பெனி சொல்லிவிட்டது. ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்து, கற்றுத் தேறிய வேலை அது. இப்போது கட்டுப் போட்ட விரலோடு, தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர் நூலை வெட்டுகிறார். தவறு தன்னுடையதோ என்று அவரே சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

ஆகவே, அறிக்கையின் அந்த வரியை நீக்க உத்தரவிட வேண்டுகிறேன். எர்த் கம்பியை முறையாகப் புதைக்கவும், இன்வெர்ட்டர் மின்சாரத்தை நேர்திசை (டி.சி.) மின்சாரமாக மாற்றி மீண்டும் சீரான அலையாகத் தரும் ஆன்லைன் யுபிஎஸ் பொருத்தவும் ஆவன செய்ய வேண்டும்.

அதற்கு முன் மறு ஆய்வு தேவையென்றால், அதே பொறியாளரை அனுப்புவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இயந்திரம் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். நூலை அவர் கோக்கட்டும்.

இடம்: உடுமலைப்பேட்டை
நாள்: 14.07.2025

இப்படிக்கு,
அ. பிரிசில்லா