மேலிருந்து எண்ணுகிறவர்கள்

ஜூன் 3

அன்புள்ள அண்ணி,

சேறு அழகாக இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதில் எவ்வளவு ஈயம், எவ்வளவு உப்பு என்றால் சொல்வேன். அழகை அளக்க எங்கள் ஆய்வுக்கூடத்தில் கருவி இல்லை.

கேட்டபடி ஏரிச் சேறு அனுப்பியிருக்கிறேன். ஏரியின் அடியில் நீளக் குழாயைச் செருகி எடுத்தது. ஒவ்வொரு அடுக்கும் ஏரியின் ஒரு காலம். அடுக்குக்கு ஒரு சீசாவாகப் பிரித்து வரிசையாக எண் போட்டிருக்கிறேன். கறுப்பு, தண்ணீர் மூச்சுத் திணறிய காலம். பழுப்பு, மீன் துள்ளிய காலம். இதை வைத்தே நூலகச் சுவரில் வரைவது உங்கள் யோசனை. என் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்பதால் சம்மதித்தேன். சந்தேகம் தீர்ந்து அல்ல.

ஐம்பதை எட்டப்போகிறவளை இன்னும் நண்டு என்று கூப்பிடுவதை நிறுத்தக்கூடாதா?

உங்கள் நாத்தனார்

ஜூன் 30

நண்டுக்கு,

நிறுத்த முடியாது. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்று முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றவள் நீதானே? போனில் கூப்பிட்டால் "ம்" மட்டும் சொல்வாய். அதனால்தான் கடிதம்.

சுவர் முடிந்துவிட்டது. திறப்புக்கு நீ வராதது எனக்குக் குறைதான். உன் சேற்றைக் காயவைத்து, அரைத்து, பசை கலந்து நேராகச் சுவரிலேயே பூசினேன். "வீடா இது, எருமை புரண்ட குட்டையா?" என்று உன் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சுவருக்கு முன்னால் அண்ணாந்து நின்றவர் அங்கிருந்து நகரவே இல்லை. முதல் சீசாவைத் தரையோடு ஆரம்பித்தேன். அடியில் கன்னங்கரேல்; ஏற ஏறத் தெளிந்து, கூரைப் பக்கம் பழுப்பு. கிணற்றிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறி வருகிற மாதிரி. ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். இத்தனை வருஷம் பள்ளிக்கூடச் சுவர்களில் முயல் வரைந்த கை, நண்டு!

நகரசபைத் தலைவரும் வந்தார். "அட, ஏரி தானாவே தேறிட்டு வருதே!" என்றார். ஊர்ச் சாக்கடையை ஏரியில் விடலாமா என்று பதினான்காம் தேதி சாயங்காலம் கூடுகிறார்கள் இல்லையா, அங்கே நம் சுவரைப் பற்றிப் பேசப்போகிறாராம். இதோடு சுவரின் புகைப்படம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி

ஜூலை 5

அன்புள்ள அண்ணி,

புகைப்படம் பார்த்தேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாங்கள் மேலிருந்து எண்ணுகிறவர்கள். ஒன்று என்றால் மேல் அடுக்கு, அதாவது நேற்றுப் படிந்தது. பழக்கதோஷத்தில் அதை உங்களுக்கு எழுதத் தோன்றவில்லை. நீங்கள் கதையை ஆதியிலிருந்து சொல்கிறவர்; ஒன்றைப் பழைய காலமாக எடுத்துக்கொண்டீர்கள். சுவர் தலைகீழாக நிற்கிறது, அண்ணி. ஏரி தேறவில்லை. செத்துக்கொண்டிருக்கிறது.

கூட்டத்துக்கு முன் தலைவரிடம் சொல்லியாக வேண்டும். நீங்களே சொன்னால் நல்லது.

உங்கள் நாத்தனார்

ஜூலை 9

நண்டு,

சரி, தப்புதான். சுவரைக் கழற்றித் திருப்பவா முடியும்? ஊரே பார்த்துவிட்டது. இன்னும் இரண்டு இடத்தில் சுவர் தருகிறோம் என்கிறார்கள். மேல் கீழ் தெரியாத ஓவியக்காரி என்று பேர் வாங்கினால் நான் மறுபடி முயலுக்கே போக வேண்டியதுதான். சாக்கடையை ஏரியில் விட நினைப்பவர்கள் என் சுவரைக் கேட்டா விடுவார்கள்? உன் அறிக்கை இருக்கிறதே, அதைக் காட்டு. சுவரைப் பற்றி வாய் திறக்காதே. திறந்தால் இந்த வீட்டுப் படி ஏறாதே.

உன் அண்ணன் மனைவி

ஜூலை 13

அன்புள்ள அண்ணி,

அறிக்கையும் சுவரும் ஒரே சேற்றிலிருந்து வந்தவை. ஒன்று நேர்மாறாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மற்றதை மட்டும் எப்படி நீட்டுவேன்? நாளை பேசத்தான் போகிறேன். படி ஏறாமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன்.

ஜூலை 14

நேற்று எழுதியதைத் தபாலில் சேர்க்கவில்லை. அதன் கீழேயே எழுதுகிறேன்.

கூட்டத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் காலைக்கு மாற்றிவிட்டார்கள். தற்செயலாகத் தெரிந்து பஸ் பிடித்து ஓடினேன். சுவர் தலைகீழ் என்றேன்.

"யாரு பண்ணின கூத்து இது?" என்றார் தலைவர்.

எண் போட்டது நான், எது மேல் என்று எழுதாமல் அனுப்பியதும் நான் என்றேன்.

"மேல எது கீழ எதுன்னு சொல்லத் தெரியாதவங்க அறிக்கையை நம்பி நாங்க முடிவெடுக்கணுமாம்மா?"

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். சாக்கடை ஏரிக்கு என்று முடிவாகிவிட்டது.

கால் போன போக்கில் நூலகத்துக்கு வந்தேன். நீங்கள் ஏணியின் உச்சியில் இருந்தீர்கள். தரையோரக் கறுப்பின் மேல் ஏற்கெனவே பழுப்பு ஏறியிருந்தது. மிச்சச் சேற்றைக் குழைத்து, கூரைப் பக்கத்துப் பழுப்பைக் கறுப்பால் மூடிக்கொண்டிருந்தீர்கள்.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதே, ஏணியைப் பிடி. சாயங்காலம் கூட்டத்துக்குள்ள முடிச்சாகணும்" என்றீர்கள்.

பிடித்தேன். கூட்டம் முடிந்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை.

இப்போது நூலகர் ஏணியைப் பிடித்திருக்கிறார். நான் வாசிப்பு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் இறங்கியதும் கையில் கொடுக்க வேண்டும். இன்னும் ஒரு முழம் பழுப்பு பாக்கி இருக்கிறது. அது முடியட்டும் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன்.