பித்தநாளத்தில் ஒரு பை

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் புது விளக்கு மாட்டினோம். லென்ஸைச் சட்டத்தில் பொருத்தும் என் மேசைக்கு நேர் மேலே, பகல் மாதிரி வெளிச்சம். நான் நிமிர்ந்து பார்த்ததும் கடைக்கார அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். முப்பது வருடமாகப் பிறர் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பவர்.

"என்னடி, கண்ணு மஞ்சளா இருக்கு?"

"தூக்கம் சரியில்லக்கா."

"தூக்கம் கெட்டா சிவக்கும். மஞ்சளாகாது. கிளம்பு டாக்டர்கிட்ட."

வலது விலாவுக்குக் கீழே அவ்வப்போது வரும் வலியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வருகிறது. வாயு என்று நானே பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 5

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். ஸ்கேன் செய்தவர் பித்தப்பையில் கல் தேடினார், இல்லை. "குழாய் வீங்கியிருக்கு, பெரிய ஸ்கேன் எடுத்துப் பாருங்க" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குழாய்தானே? என்கிட்ட விட்டுடு" என்கிறார். பதினாறு வருடப் பிளம்பராயிற்றே! சிரித்தேன். சிரித்தால் வலிக்கிறது.

மார்ச் 7

குளிர். பல் தந்தியடிக்கிறது. எழுத முடியவில்லை.

மார்ச் 11

ஆஸ்பத்திரி. நாலு நாளாக ஊசி. பித்தம் வடியாமல் தேங்கி, அதில் கிருமி சேர்ந்து வந்த காய்ச்சலாம். இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் — அந்த வாக்கியத்தை டாக்டரம்மா முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

பெரிய ஸ்கேன் முடிவு வந்தது. டாக்டரம்மா காகிதத்தில் வரைந்து காட்டினார். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் இறங்கும் நாளம். நடுவில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு பை. பிறவியிலேயே வந்ததாம். முப்பத்தெட்டு வருடமாகச் சுமந்திருக்கிறேன்.

இவர் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "பைய அப்படியே விட்டுட்டு, அதுலேர்ந்து ஒரு கிளை எடுத்துக் குடல்ல விட்டா என்ன?"

டாக்டரம்மா இவரை நிமிர்ந்து பார்த்தார். "முன்ன அப்படித்தான் செஞ்சாங்க. விட்டு வச்ச பையில பல வருஷம் கழிச்சுச் சிலருக்குப் புத்துநோய் வந்துச்சு. அதனால பையையும் பித்தப்பையையும் மொத்தமா எடுத்துட்டு, குடல்ல ஒரு பகுதிய மேல கொண்டுவந்து, மேல்நாளத்தோட தச்சுடுவோம்."

"இப்பவே அந்தப் பையில..." இவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"ஸ்கேன்ல அப்படித் தெரியல. எடுத்துச் சோதிச்சாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

வெளியே வந்ததும் இவர், "வாயு மருந்து வாங்கிக் கொடுத்தவனே நான்தானே" என்றார். கண் கலங்கியிருந்தது. அட மனுஷா, இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?

மார்ச் 26

காய்ச்சல் விட்டு இரண்டு வாரமாகிறது. நாளைக் காலை ஆபரேஷன். மகள் எனக்குத் தலை வாரிவிட்டாள். ஒன்பது வயது, நாங்கள் கூப்பிடுவது சுண்டெலி. பின்னல் ஒரே கோணல்.

"அம்மா, அந்தப் பைய நமக்குத் தருவாங்களா?"

"எதுக்குடி?"

"சும்மா. பார்க்கத்தான்."

கட்டிக்கொண்டேன். பயமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லல. இங்க சொல்லிட்டேன்.

மார்ச் 30

இருக்கிறேன். வயிற்றின் குறுக்கே தையல். பக்கத்தில் ஒரு மெல்லிய குழாய், அதன் நுனியில் ஒரு பை.

ஏப்ரல் 1

பையில் பச்சை கலந்த மஞ்சள் நீர். இவர் முகம் வெளிறிவிட்டது. கசிவு என்றால் என்னவென்று இவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

"தச்ச இடத்துல கொஞ்சம் பித்தம் கசியுது. உள்ள தேங்காம வெளிய வந்துடுது, அதான் முக்கியம். பொறுங்க, பெரும்பாலும் தானா மூடிக்கும்" என்றார் டாக்டரம்மா.

"கசிவு தானா மூடி நான் பார்த்ததே இல்லீங்களே."

"நீங்க இரும்புலயும் பிளாஸ்டிக்லயும் வேலை பாக்கறீங்க. இது சதை. உயிர் இருக்கு."

இவர் வேலை இடத்தில் அளவு குறிக்கும் நோட்டை எடுத்துப் புதுப் பக்கம் திருப்பினார்.

ஏப்ரல் 4

180, 150, 160. மில்லி கணக்கு, இவர் கையெழுத்தில். கூடின நாளில் ஜன்னலோரம் போய் நின்றுகொள்கிறார்.

"குழாய் என் வயித்துல, வலி உங்களுக்கா?" என்றேன்.

திரும்பிப் பார்க்காமலே, "ஆமா" என்றார்.

ஏப்ரல் 8

40. எனக்குத் தலை வாரிவிடுகிறேன் என்று சீப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரண்டு நாளாக ஒரு சொட்டும் இல்லை. குழாயை எடுத்துவிட்டார்கள்.

மதியம் பரிசோதனை முடிவும் வந்தது. எடுத்த பையில் புற்று இல்லை. ஒரே ஒரு வரி. மூன்று முறை படித்தேன். இவர் வாங்கி நாலாவது முறை படித்தார்.

கடைக்கார அக்காவுக்குப் போன் செய்தேன். "உங்க கண்ணாலதான் பொழச்சேன்க்கா." மறுமுனையில் மூக்குறிஞ்சும் சத்தம். "சரி சரி, வை போனை. கடையில ஆள் நிக்கிறாங்க." அது கடையை மூடிவிட்டு அவர் சாப்பிடும் நேரம்.

மே 19

வருடா வருடம் ஸ்கேன் பார்க்க வேண்டும். காய்ச்சலோ மஞ்சளோ தெரிந்தால் உடனே ஓட வேண்டும். ஆயுள் முழுக்க. சரி, ஆயுள் இருக்கிறதே, அது போதும்.

வீடு திரும்பிய நாளிலிருந்து இவர் செருப்பு மாட்டும்போது ஒரு "நல்லா இருக்கியா?" தெருமுனை தாண்டியதும் போனில் இன்னொன்று. இன்று மதியம் கொஞ்சம் தயங்கி, குப்புறப் படுத்தேன். அப்படியே தூங்கிவிட்டேன். எழுந்தபோது வீடு காலி. சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், இவர் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். போனை எடுத்துப் பார்த்தேன். அழைப்பு இல்லை. நாலு மணி வரை பார்த்தேன். இல்லவே இல்லை.

மனுஷன் என்னை மறந்தே போய்விட்டார்.

அப்பாடா.