குலுக்கலில் போன விமானம்

7 மார்ச் 2025, வெள்ளி

பறப்புச் சங்கத்தின் பொதுக்கூட்டம் மூன்று மணி நேரம் நீண்டது. விமானக் கொட்டகையின் கூரை ஒழுகுகிறது, பணம் போதாது. கடைசியில் ஒரு முடிவு: சங்கத்தின் பழைய நான்கு இருக்கை விமானத்தைக் குலுக்கலில் விடுவது. 1973இல் செய்த விமானம். நாற்பத்தையாயிரம் யூரோ என்று இரண்டு வருடமாக விளம்பரம் போட்டும் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. இனி ஆயிரத்து ஐநூறு சீட்டு, ஒன்று இருபத்தைந்து யூரோ.

குலுக்கல் அனுமதிக்கான அன்ட்ராக் விண்ணப்பத்தில் பரிசின் மதிப்பை எழுத வேண்டும். தலைவர் ஹார்ட்முட் என் பக்கம் திரும்பினார்.

"லவினியா, விமானப் பரிசோதகர் நீதான். நாற்பத்தையாயிரம் என்று ஒரு பக்கம் எழுதித் தா."

"பார்த்துவிட்டு எழுதுகிறேன்."

"ஆறு வருடமாக அதில் பறக்கிறாய். இன்னும் என்ன பார்க்க இருக்கிறது?"

பறப்பது வேறு, விலை சொல்வது வேறு என்றேன். அந்த விமானம் என் பட்டறைக்கு ஒருநாளும் வந்ததில்லை. அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கண்டுபிடிக்கத் தெரியும். பதினேழு வருடமாக அதுதான் என் வேலை.

(இந்த ஜெர்மன் ஊரில் குறிப்புகளைத் தமிழில் எழுதுவதில் ஒரு வசதி, இங்கே ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பட்டறை மேசையில் திறந்தபடி விட்டுவிட்டுப் போகலாம்.)

15 மார்ச், சனி

காலை எட்டிலிருந்து கொட்டகையில். முதலில் பதிவுப் புத்தகங்கள். என்ஜின் ஆயிரத்து எழுநூறு மணி நேரம் ஓடியிருக்கிறது. இரண்டாயிரம் மணி நேரம் ஆனதும் முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவு விமானத்தின் பாதி விலை. இதை நாற்பத்தையாயிரம் என்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை.

1994, ஜூன்: "புரொப்பெல்லர் மாற்றப்பட்டது." காரணம் இல்லை. காரணம் இல்லாமல் யார் புரொப்பெல்லர் மாற்றுவார்? ஹார்ட்முட்டுக்குத் தொலைபேசி அடித்தேன்.

"இறங்கும்போது ஒரு மாணவன் விமானத்தின் மூக்கைத் தரையில் குத்திவிட்டான். புரொப்பெல்லர் புல்லில் பட்டது. பக்கத்தில் ஆசிரியராக இருந்தது நான்." பிறகு அவசரமாக, "என்ஜினைத் திறந்து சோதித்தார்கள். கடதாசி வீட்டில் இருக்கிறது."

"அதைத் தேடி எடுங்கள். அந்தக் கடதாசிக்கு விலை உண்டு."

மத்தியானம் பின் இருக்கைக்குக் கீழே கண்ணாடியையும் டோர்ச்சையும் விட்டுப் பார்த்தேன். இறக்கையைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில் வெள்ளைத் தூள். அலுமினியம் அரிக்கிறது. எவ்வளவு ஆழம்? தெரியவில்லை. மோசமாகத்தான் இருக்கும் என்று கணக்கில் எடுத்தேன்.

பத்தொன்பதாயிரம்.

17 மார்ச், திங்கள்

ஹார்ட்முட் பட்டறைக்கு வந்தார். தொகையைப் பார்த்ததும் உட்காராமலே பேசினார்.

"1981இல் முதல்முதல் தனியாகப் பறந்தது இதில்தான். நீ அதைப் பழைய இரும்பு விலைக்குப் போடுகிறாய்."

"நீங்கள் அதில் பறந்ததை நான் விலை போடவில்லை, ஹார்ட்முட்."

"இருபத்தைந்து யூரோ கொடுப்பவன் மதிப்பைக் கேட்பானா?"

"வெல்பவர் கேட்பார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பறக்கப்போவது அவர்தான்."

கதவைச் சாத்தாமலே போய்விட்டார். என் குரலும் உயர்ந்துதான் இருந்தது. இருக்கட்டும்.

18 மார்ச்

சங்கத்தில் இரண்டு பேர் என் வணக்கத்துக்குத் திரும்பப் பேசவில்லை.

19 மார்ச், புதன்

என் கணவர் கொட்வினிடம் எல்லாம் சொன்னேன். அவர் பஸ் ஓட்டிக் களைத்து வந்து, சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை.

"கையெழுத்தை வைச்சிட்டு வாருமன். ஆருக்கு என்ன நட்டம்?"

"பிறேக் தேய்ஞ்ச பஸ்ஸை நல்லம் எண்டு எழுதித் தந்தா ஓட்டுவீங்களோ?"

என்னை ஒரு தரம் பார்த்தார். "இல்லை," என்றார். "சரி. அப்ப நீர் விடாதையும்."

22 மார்ச், சனி

இன்றைக்கு ஒழுங்காகச் செய்தேன். இருக்கைகளை எடுத்து, தரைத் தகடுகளை முழுதாகக் கழற்றி, சட்டத்தைத் துடைத்து, ஆழமானியால் பதினொரு இடத்தில் அளந்தேன். எல்லாம் மேற்பரப்பு அரிப்பு. மில்லிமீற்றரில் நூறில் ஐந்து, ஆறு. தயாரிப்பாளர் அனுமதிக்கும் அளவில் பாதிகூட இல்லை. சுத்தம் செய்து பூச்சடித்தால் முடிந்தது. சட்டம் மாற்றத் தேவையில்லை.

அப்படியென்றால் என்னுடைய பத்தொன்பதாயிரம் பிழை.

தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்? அவர்கள் கூட்டிச் சொன்னதால் நான் குறைத்துச் சொல்லிவிட்டேனா? — ஓம், அதிலயும் கொஞ்சம் உண்மை இருக்கு.

இந்த வருடம் விற்ற இதே வகை விமானங்கள் மூன்றின் விலை கேட்டு எடுத்தேன். என்ஜின் மணி, வயது, 1994, எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரத்து ஐநூறு. இனி யார் வந்தாலும் ஒரு யூரோ அசைக்க மாட்டேன்.

4 ஏப்ரல், வெள்ளி

நிர்வாகக் குழு. ஒன்பது பேர். நான் எழுந்து, "என் தொகை பிழை" என்றேன். மேசையைச் சுற்றி ஒரு சிரிப்புப் பரவியது. அது முடியும்வரை நின்றுவிட்டு, "உங்கள் தொகையும் பிழை" என்றேன். அளந்த பதினொரு எண்களையும் வாசித்தேன்.

பிறகு என் நிபந்தனை. மதிப்பு, என்ஜின் மணி, அரிப்பு, 1994, நான்கும் சீட்டின் பின்பக்கத்தில் அச்சாக வேண்டும். இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை.

"குறையை அச்சடித்தால் எவன் சீட்டு வாங்குவான்?" என்றார் பொருளாளர். வாக்கெடுப்பு நாலுக்கு நாலு. ஹார்ட்முட்டின் கை மட்டும் மிச்சம். அவர் தன் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த மஞ்சள் கடதாசி ஒன்றை என் முன்னால் வைத்தார். 1994இல் என்ஜினைத் திறந்து பார்த்த அறிக்கை.

"முப்பது வருடமாக இதை ஒருவருக்கும் காட்டவில்லை," என்றார். "அச்சடியுங்கள்."

18 மே, ஞாயிறு

தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் நாற்பது சீட்டு விற்றேன். மன்னாரிலேயே எங்கள் குடும்பத்தோடு பழக்கமான பேர்பெச்சுவா அக்கா சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முதியோர் இல்லம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறவர்.

"பிளேனோ? எனக்கு என்னத்துக்கடி பிள்ளை பிளேன்? ரெண்டாம் பரிசு என்ன?"

"மின்சாரச் சைக்கிள், அக்கா."

"அப்ப சைக்கிளுக்கு ஒண்டு தா. விடிய வேலைக்குப் போக உதவும்."

29 ஜூன், ஞாயிறு

சங்கத்தின் திறந்த நாள், யாரும் வந்து பார்க்கலாம். விமானத்தின் தரையைக் கழற்றி வைத்து, ஒவ்வொருவர் கையிலும் டோர்ச்சைக் கொடுத்து உள்ளே பார்க்கவிட்டேன். வரிசை கொட்டகைக்கு வெளியே போனது. ஒரு கிழவர் பார்த்துவிட்டு, "கார் விற்கிறவன்கூட எனக்கு இப்படிக் காட்டியதில்லை" என்று சொல்லி நாலு சீட்டு வாங்கினார். இன்று மட்டும் முந்நூற்றுப் பன்னிரண்டு. பொருளாளர் எனக்குக் கோப்பி கொண்டுவந்து தந்தார். சீனி போட்டிருந்தது. நான் சீனி போட்டுக் குடிப்பதில்லை. குடித்தேன்.

27 ஜூலை, ஞாயிறு

எல்லாச் சீட்டும் முடிந்து, இன்று குலுக்கல். சாட்சியாக வந்த அரச பதிவு வழக்கறிஞர், நொத்தாரிஸ் பெண், பெட்டிக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். 883. பெயரை வாசிக்க அவர் மூன்று தரம் முயன்றார். எனக்கு முதல் தரமே விளங்கிவிட்டது. பேர்பெச்சுவா அக்கா!

பின்னாலிருந்து ஒரு குரல்: "லவினியாவின் ஆட்கள்தானே." எனக்கு முகம் சுட்டது. நான் வாய் திறக்கமுதல் ஹார்ட்முட் ஒலிவாங்கியை எடுத்துவிட்டார்.

"சீட்டை எடுத்தது நொத்தாரிஸ். இந்த விமானத்தைப் பற்றி உங்களுக்கு உண்மை சொன்ன ஒரே ஆள் லவினியா. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேள்வி உள்ளவர் முன்னால் வரட்டும்."

ஒருவரும் வரவில்லை.

அக்கா வேலையில் இருந்தார். தொலைபேசியில் பாத்திரச் சத்தம்.

"அக்கா, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு."

"சைக்கிளோ?"

"இல்லை. பிளேன்."

மூடியைத் திறக்கும் சத்தம். பிறகு: "பிள்ளை, சூப் பொங்குது. பிறகு எடுக்கிறன்."

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஜெர்மனியின் வடக்கிலிருந்து ஒரு விமான வியாபாரி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். பதினோராயிரம், கையில் காசு, நாளைக்கே. "உங்கள் சங்கத்துச் சீட்டிலேயே அரிப்பு என்று இருக்கிறதே" என்றாராம்.

அக்கா நேரே கொட்டகைக்கு வந்துவிட்டார். "நீயே அரிப்பெண்டு எழுதிப்போட்டாய். அப்ப அந்தாள் சொல்லுறது சரியோ?"

நான் உண்மையை எழுதியதை வைத்தே ஒருவன் அக்காவை ஏமாற்றப் பார்க்கிறான். என்ன ஆள் இவன்! அக்காவை உள்ளே ஏற்றி, சுத்தம் செய்து பூச்சடித்த சட்டத்தைக் காட்டினேன். பதினொரு எண்களையும், அதற்குப் பக்கத்தில் தயாரிப்பாளரின் எல்லை அளவையும் காட்டினேன். அவர் விரலால் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"அப்ப இது குறையில்லை. பாத்து முடிச்ச இடம்."

"ஓம் அக்கா. பாக்காத இடத்துக்குத்தான் பயப்பிட வேணும்."

அங்கேயே நின்று வியாபாரிக்குத் தொலைபேசி அடித்தார். ஜெர்மன் மொழியில், சமையலறையில் கட்டளை இடும் அதே குரலில்: இருபத்தாறாயிரத்து ஐநூறு, இல்லையென்றால் இனி எடுக்காதீர்கள். அவர் பிறகு எடுக்கவில்லை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று அக்கா ஒரு கேள்வி கேட்டார். "முழுசா விக்கத்தான் வேணுமோ? ஒரு துண்டை வைச்சிருக்க ஏலாதோ?"

ஏலும். நாலு பேர் சேர்ந்து ஒரு விமானம் வைத்திருப்பது இங்கே வழமைதான். கேட்டதும் ஹார்ட்முட் உடனே ஒரு காற்பங்குக்குக் கை உயர்த்தினார். ஊரில் பல்வைத்தியராக இருக்கும் ஒரு உறுப்பினர் இன்னொன்றுக்கு. அக்காவுக்கு ஒன்று. மிச்சம் ஒன்று.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். இந்த விலை சரியென்று ஊர் முழுக்கச் சொன்னவள் நான். அந்த விலைக்கு வாங்க நான் ஆயத்தமா? ஆயத்தமில்லை என்றால் எழுதியது என்ன எழுத்து?

கொட்வினிடம் சொன்னேன். சமையலறை மாற்ற வைத்திருந்த பணம்.

"நீர் பாத்த பிளேன்தானே?" என்றார்.

"ஓம்."

"அப்ப பிறகென்ன. அலுமாரிக் கதவுக்கு நான் புதுப் பிணைச்சல் போடுறன்."

29 ஆகஸ்ட்

நாலு கையெழுத்தும் விழுந்தாயிற்று.

21 செப்டம்பர், ஞாயிறு

தெளிந்த வானம், காற்று மெல்லியது. பத்தரைக்கு அக்கா வந்தார். சேலை, அதற்கு மேல் குளிர்ச் சட்டை, ஓடும் சப்பாத்து. கொட்வினைப் பின்னால் இருத்திவிட்டு முன் இருக்கையில் தான் ஏறினார். பட்டியை நான் இறுக்கினேன், அவர் இன்னும் கொஞ்சம் இறுக்கினார்.

மேலே எழும்பியதும், பயந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் நெற்றி முட்டக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். தான் வேலை செய்யும் இல்லத்துக்கு மேலால் போகச் சொல்லியிருந்தார். அறுநூறு மீற்றரில் போனோம். தோட்டத்தில் சக்கர நாற்காலிகள் வரிசையாக. யாரோ பெரிய மேசை விரிப்பொன்றை வெளியே கொண்டுவந்திருந்தார்கள். ஆறேழு பேராகப் பிடித்து ஆட்டினார்கள். பச்சைப் புல்லில் வெள்ளையாக அது ஏறி இறங்கியது.

"என்ர சனங்கள்," என்றார் அக்கா. "இன்னொருக்காச் சுத்து."

மூன்று தரம் சுற்றினேன். பின்னால் கொட்வின் தொலைபேசியில் எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறார்.

இறங்கியபின் பறப்புப் புத்தகத்தை முழங்காலில் வைத்து எழுதினேன். புறப்பட்ட நேரம், இறங்கிய நேரம், விமானி. அடுத்த கட்டத்தில் "பயணிகள்: 2" என்று எழுதப் போனபோது அக்கா என் கையைப் பிடித்தார்.

"கொட்வின் பயணி. என்னை உரிமையாளர் எண்டு எழுது."

அதற்கென்று கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.