மிக்கேல் பெயருக்கு ஒரு பூசை

1948 அக்டோபர் 20, புதன்

மிக்கு, மழை இன்னும் இறங்கவில்லை. புழுக்கம். உப்புச் சாக்கு பதினாலு தைத்தேன். கோணி ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன், எழுத்து கோணல்மாணல்.

இந்த நோட்டு நீ வாங்கித் தந்தது. தினம் நாலு வரி எழுதாவிட்டால் மூன்றாம் வகுப்புப் படிப்பும் மறந்துபோகும் என்று மிரட்டினாய். ஆகஸ்டில் தந்தி வந்த அன்றோடு நிறுத்தினேன். இன்றைக்கு எடுத்திருக்கிறேன். அந்த வெள்ளைக்காரன் ஊருக்கு வந்துவிட்டான்.

அடுத்த வீட்டுச் செசிலிதான் சொன்னாள். "ஏளா பிலோமி, ஒன் தம்பியக் கூட்டிட்டுப் போன தொரை, வேட்டியக் கட்டிக்கிட்டு வெறுங்காலோட கடற்கரை ரோட்டுல நடக்கான். வெயில்ல பாதம் வெந்துபோயி கொக்கு மாதிரி துள்ளுதான்." சிரிப்பு வந்தது. பின்னாலேயே ஆத்திரம்.

துறைமுகத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கிளப்புக்கடை மாடியில் அறை எடுத்திருக்கிறான். கொழும்புக் கப்பல் அடுத்த வெள்ளிக்கிழமை. வந்த வழியே போகிறான்.

யோகம் படிக்க வந்தவன். பாபநாசத்து மலையடியில் ஒரு பண்டாரம்தான் குரு, அதற்கு இங்கிலீசு தெரியாது, இவனுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் பேச ஆள் வேண்டும் என்று துறைமுகத்தில் கேட்டான். நீ யோசித்தாய். நான்தான், போலே, ஆறு மாசம் வாயால் பேசுகிற வேலை, வெயிலில் நின்று மூட்டை எண்ணுவதைவிட மேல் என்றேன். நான் அனுப்பினேன். இதை எழுதாமல் மற்றதை எழுதக் கூடாது.

ஆறாவது மாசம் தந்தி. மிக்கேலுக்குக் காய்ச்சல், இறந்தாயிற்று, அடக்கமும் ஆயிற்று. எப்படி அடக்கம் என்பது பிறகு அந்தப் பக்கத்து விறகு வண்டிக்காரன் சொல்லித்தான் தெரியும். சம்மணம் போட்டு உட்கார வைத்து, கழுத்துவரைக்கும் உப்பும் சாம்பலும் கொட்டி, மேலே கல். சமாதி என்று விளக்கு வைக்கிறார்களாம். ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளையைக் கருவாடு போடுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். உப்பும் நம் ஊர் உப்பாகத்தான் இருக்கும். சாக்கும் நான் தைத்ததாக இருந்தால் என்ன செய்வேன்.

அக்டோபர் 21, வியாழன்

அரிசி களைந்து வைத்துவிட்டுப் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். நவம்பர் இரண்டு மரித்தோர் திருநாள். பூசையில் வாசிக்கிற பெயர்களை இந்த வாரம் கொடுக்க வேண்டும். உன் பெயரைக் கொடுத்தேன். பூசை கேட்டு இது மூன்றாவது தடவை. வாங்கவில்லை.

வேதத்தை விட்டவனுக்குப் பூசை இல்லை என்றார். சம்பளத்துக்குப் போனவன் சாமி என்றேன். சம்பளத்துக்குப் போனவனை ஏன் சமாதி வைத்தார்கள் என்றார். மூக்குப்பொடி. தும்மல். நான் நின்றுகொண்டே இருந்தேன். போகச் சொன்னார், போகவில்லை. கடைசியில்:

"சாகுமுன்னே ஒரு அடையாளம் காட்டியிருந்தாப் போதும் பிலோமி. ஒரு சிலுவை போட்டிருக்கணும். இல்ல, சாமியாரக் கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை. கண்ணால கண்டவங்க வந்து எங்கிட்டச் சொல்லணும். பண்டாரத்துச் சாட்சி வேண்டாம்."

பண்டாரம் இல்லாவிட்டால் வெள்ளைக்காரன் ஒருத்தன்தான். எவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் என்று இரண்டு மாசமாக எச்சில் சேர்த்தேனோ, அவனிடம் போய்க் கேட்க வேண்டும்.

அம்மா பெயர் வாசிப்பார்கள், அப்பா பெயர் வாசிப்பார்கள், கடலில் போன சித்தப்பா பெயர்கூட. உனக்கு மட்டும் இல்லை. பாவம் கழிய வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் நீ யார் பிள்ளை என்று கேட்டால் என்ன சொல்லுவாய்.

அக்டோபர் 22, வெள்ளி

போனேன். தரையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தான். கட்டில் சும்மா கிடக்கிறது. மெலிந்து, தாடி, காலில் கொப்பளம். என்னைக் கண்டதும் எழுந்து கையைக் கூப்பினான்.

"வாங்கக்கா. இங்கன இருங்க."

மிக்கு, அது உன் பேச்சு. அவன் தமிழ் உன்னிடம் படித்தது. 'அக்கா'வை இழுக்கிற இழுப்பு, பேச்சைத் தொடங்குமுன் "அதுல என்னன்னா" என்கிறது, எல்லாம். களவு கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு களவாணியே எதிரில் வந்து நிற்கிற மாதிரி.

"என்னைய அக்கான்னு கூப்பிடாதீங்க" என்றேன்.

அவன் பாயை என் பக்கம் தள்ளினான். "வேற எப்படிக் கூப்பிடணும்னு மிக்கேல் சொல்லித்தரலை."

உட்காரவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். சாமியாரிடம் வந்து, மிக்கேல் சிலுவை போட்டதைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முடியாதாம். பார்க்காததைச் சொல்ல மாட்டானாம். பொய் சொல்லாமல் இருக்கிறதுதான் முதல் பாடம், மூச்சு அதற்குப் பிறகுதான் வரும் என்று பண்டாரம் சொல்லியிருக்கிறதாம்.

"எங்களுக்கும் அஞ்சு வயசுல அதுதான் மொதப் பாடம். அதுக்கு யாரும் கப்பல் ஏறலை" என்றேன்.

பிறகு நீ எப்படி அதில் விழுந்தாய் என்று கேட்டேன். பண்டாரத்துக்கு ஒரு வைராக்கியம். ஒன்றைச் செய்து பார்க்காத வாய் அதை இன்னொருத்தனுக்குச் சொல்லக் கூடாது. அதனால் முதலில் நீ உட்கார வேண்டும், நீ மூச்சைப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் இவனுக்கு இங்கிலீசில். இவனுக்கு முழங்கால் மடங்கவில்லை. உனக்கு மடங்கிற்று. நாலாம் மாசத்தில் பண்டாரம் உன் முகத்தைப் பார்த்துத்தான் பேசுமாம், இவன் பக்கம் திரும்பாதாம். இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பொறாமை. செத்தவன் மேல்.

உன் பெட்டியைக் கொடுத்தான். தூக்கி வரட்டுமா என்றான். தலையில் வைத்துக்கொண்டு நானே வந்தேன்.

அக்டோபர் 24, ஞாயிறு

பூசை முடிந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். சட்டை இரண்டு. வேட்டி ஒன்று, ஓரம் கிழிசல். மசிப்பேனா. சோப்புத் துண்டு. சீப்பு, பல்லிடுக்கில் உன் முடி. நான் உனக்கு எழுதிப் போட்ட காகிதங்கள், நூல் கட்டி. அடியில் ஒரு பொட்டலம்.

உத்தரியம்.

மாதா படம் தைத்த துணித்துண்டு, கயிறு கோத்தது; நீ முதல் நன்மை அப்பம் வாங்கிய அன்று என் கையால் கழுத்தில் போட்டது. இதோடு சாகிறவனை நெருப்புத் தொடாது என்று மாதாவே சொன்ன சொல். அப்பா சங்கு குளிக்கக் கடலில் இறங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். உன்னுடையது அறுந்து விழவில்லை. முடிச்சை அவிழ்த்து, மடித்து, காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறாய். நல்ல பிள்ளை மாதிரி.

அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன்.

செசிலி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "பெட்டிக்குள்ள விபூதி மடிச்சு வச்சிருக்கானா?" "ஒன் நாக்கத்தான் மடிச்சு வைக்கணும், தா" என்றேன். போய்விட்டாள். நாளைக்கு உப்புக் கேட்டு வருவாள், கொடுக்க மாட்டேன்.

பட்டினி. உன் மேலும் கோபம். எழுதி வைக்கிறேன், உன் மேலும்.

அக்டோபர் 26, செவ்வாய்

மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். நனைந்துகொண்டே போனேன்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அது முடிகிறவரைக்கும் நிற்க எனக்கு என்ன தலையெழுத்து. "எங்கப்பா மூச்சடக்குனா சங்கு வரும். சோறு வரும். நீ மூச்சடக்கி என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். போன தடவை 'நீங்க'. இன்றைக்கு 'நீ'தான் வந்தது. அவன் மூக்கிலிருந்து கையை எடுத்தான்.

முதலிலிருந்து சொல் என்றேன். சொன்னான். ஐந்து நாள் காய்ச்சல். ஆற்றில் வெள்ளம், வைத்தியரைக் கூட்டிவர அக்கரை போக முடியவில்லை. கஞ்சித் தண்ணீர் கொடுத்தான். ராத்திரி எல்லாம் ஈரத்துணி போட்டான். நாலு நாளை நாலு நாளாகச் சொன்னான், எந்த வேளை என்ன குடித்தாய் என்பது வரைக்கும். ஐந்தாம் நாளுக்கு வந்ததும், "காலைல பாத்தேன், போயிட்டான்" என்று ஒரே வார்த்தை.

ஐந்தாம் நாள் மட்டும் ஏன் குட்டையாய்ப் போயிற்று? சாக்குத் தைக்கிறவளுக்குத் தையல் விட்ட இடம் தெரியும். விடியும்போது நீ எங்கே இருந்தாய் என்று அவனைக் கேட்டேன். திரும்பக் கேட்டேன். சுவரில் சாய்ந்து அப்படியே கீழே இறங்கினான்.

"குரு அதுவரைக்கும் என்னையத் தனியாக் கூப்பிட்டதே இல்ல. அன்னைக்குக் கூப்பிட்டாக. மிக்கேல் படுத்துருக்கான்னு. மொத தடவை. போனேன்."

"அவனுக்கு எப்படி இருந்துச்சு?"

"மூச்சு வாங்கிச்சு. தெரிஞ்சுதான் போனேன்."

திரும்பி வந்தபோது நீ சாய்ந்து கிடந்தாய். குடிசையில் வேறு ஒருவரும் இல்லை. திரும்பி வந்த பிறகுதான் உயிர் போயிற்று, கூடவே இருந்தேன் என்று பண்டாரத்திடம் சொல்லியிருக்கிறான். தந்திக்குப் பின்னால் எனக்குப் போட்ட காகிதத்திலும் கூடவே இருந்தோம் என்று எழுதியிருக்கிறான். பொய் சொல்லக் கூடாதவன்.

கோணி ஊசி மடியில் இருந்தது. வேறொன்றும் எழுதவில்லை, இருந்தது, அவ்வளவுதான்.

அக்டோபர் 27, புதன்

தூங்கவில்லை. சாக்கு நாலுதான். மேஸ்திரி முணுமுணுத்தான்.

கண்டவன் வந்து சொல்ல வேண்டும் என்றார் சாமியார். கண்டவனே இல்லையென்றால்? இதைக் கேட்கத்தான் போனேன். விரலில் எடுத்த பொடியைத் திரும்ப டப்பாவில் போட்டார். லத்தீன் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினார். வெகுநேரம்.

"ஒருத்தரும் பாக்கலைன்னா, மனசு திரும்பலைன்னும் சொல்ல முடியாது. சந்தேகம்னா எனக்கு மேல உள்ள மேற்றிராணியார்தான் முடிவு சொல்லணும். ஆனா அந்தத் தொரை வாயால நான் கேக்கணும். யாருமே இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

அப்படியே கிளப்புக்கடைக்குப் போய் வெளியே நின்று கூப்பிட்டேன். பொய் வேண்டாம், எனக்குச் சொன்னதை நாளைக்கு அங்கே வந்து சொன்னால் போதும் என்றேன். இதற்கு மட்டும் தயங்கினான். பொய் சொல்ல மாட்டேன் என்றபோது எவ்வளவு நேரே நின்றான்.

அக்டோபர் 28, வியாழன்

வந்தான். நான் முன்னால், அவன் பின்னால், வெறுங்காலோடு. தெரு முழுக்க வாசலில். செசிலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை. அதிசயம்.

அவன் சொன்னதைக் கோயில் உபதேசியார் எழுதிக்கொண்டார். எல்லாம் தமிழில், உன் தமிழில். அந்நேரம் எங்கே இருந்தீர்கள் என்று சாமியார் கேட்டார். பாடத்தில் என்றான். இவன் பிழைக்க மாட்டான் என்று தெரியுமா? தெரியும். உபதேசியார் பேனாவை நிறுத்தி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிறகு எழுதினார். அவமானத்தில் காது சிவந்துபோயிற்று வெள்ளைத்தோலுக்கு. எனக்கு இனித்தது. பொய் எழுத மாட்டேன், இனித்தது.

அதோடு முடியும் என்றிருந்தேன். சாமியார் என் பக்கம் திரும்பினார். "உத்தரியம் கழுத்துல இருந்துச்சா?"

"நான் போட்டுத்தான் அனுப்புனேன் சாமி."

உண்மைதான். போட்டுத்தான் அனுப்பினேன்.

வெள்ளைக்காரன் என்னைப் பார்த்தான். அந்தப் பெட்டியைக் கட்டியவன் அவன். பொட்டலம் அவனுக்குத் தெரியும். அவன் பார்வையைத் தரைக்கு இறக்கி, கையெழுத்துப் போட்டு, கையைக் கூப்பிவிட்டு வெளியே போனான்.

அவனுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். இனிமேல் எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு பொய் இருக்கிறது, அது போதாதா.

அக்டோபர் 29, வெள்ளி

கப்பல் தூரத்தில் நின்றது. லாஞ்சுப் படகில் போய் ஏறினானாம். நான் போகவில்லை. செசிலி போனாள், வேடிக்கை பார்க்க. "அக்கா வரலையான்னு கேட்டான் ஏளா. காகிதம் போடலாமான்னு கேக்கச் சொன்னான்."

போட்டால் அடுப்புக்கு ஆகும் என்றேன். இந்த மழையில் விறகு எல்லாம் நமத்துக் கிடக்கிறது.

அக்டோபர் 31, ஞாயிறு

மேற்றிராணியாரிடமிருந்து உத்தரவு வந்துவிட்டது. பெயர் வாசிக்கலாம். மணி அடிக்கக் கூடாது. கறுப்புத் துணி போட்ட சவப்பெட்டி வைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு இடறலாகுமாம். சரி. மணியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

சாயங்காலம் சாமியாரிடம் பாவம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு எல்லாரும் வரிசை. நானும் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். அரிசிப் பானைக்குள் இருப்பதைச் சொன்னால் பூசை போய்விடும். சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பெரிய பாவம். வீட்டுக்கு வந்து மீன் கழுவினேன். சாளை. முள் நிறைய.

நவம்பர் 2, செவ்வாய்

விடியுமுன் குளித்துவிட்டுப் போனேன். தூறல். கடைசித் தூண் பக்கம் நின்றேன். பெயர் வாசித்தார்கள். பிரகாசி. மிக்கேல். சூசையம்மாள். இரண்டு கிழடுகளுக்கு நடுவே நீ. ஒரு நொடிதான். முன்னால் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள், நான் முறைத்தேன், திரும்பிக்கொண்டாள்.

பாவம் சொன்னவர்கள் எல்லாரும் நன்மை அப்பம் வாங்கப் போனார்கள். நான் போகவில்லை.

பூசை உனக்குக் கிடைத்துவிட்டது, மிக்கு. யாரும் பார்க்கவில்லை என்பதால் கிடைத்தது. கேட்டது கிடைத்தால் தூக்கம் வரும் என்று நினைத்தேன். அந்தக் குடிசைதான் கண்ணுக்குள் நிற்கிறது. வெளியே ஆற்றுச் சத்தம். பக்கத்தில் ஒருவரும் இல்லை. சாய்ந்து விழுமுன் ஏதாவது ஒரு பெயர் வாயில் வந்திருக்கும். சேசு சாமியா, அந்தப் பண்டாரமா, நானா? யாரைலே கூப்பிட்டாய்?